யார் வீட்டுப் பாட்டு

புதுச்சேரியில் எங்கள் தெருவில் எதிர்வீட்டுத் தாத்தா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனா வரை போய் வந்தவர். பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 வந்தால் கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைக்குக் கிளம்பிவிடுவார். அதே மாதம்தான் பாரீசுக்கு வடக்கே சர்செலில் இருந்த அவர் மகள் குடும்பம் விடுமுறைக்கு வரும். பேரன் கொண்டுவரும் பையில் துணிகளுக்கு அடியில் கேசட்டுகள் இருக்கும். எம்சி சோலார் என்ற ராப்பரின் பெயரை நான் முதன்முதலில் கேட்டது அந்த வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துதான்.

பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு அங்கே கைகொடுக்கவில்லை. சோலார் பேசுகிற வேகத்தில் பத்துச் சொல்லுக்கு ஒன்று பிடிபட்டால் பெரிது. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவாகக் கேட்டது. அந்த மனிதர் யாருக்காகவும் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. டக்காரில் பிறந்து பாரீஸ் பக்கம் வளர்ந்தவர். 1991-ல் முதல் ஆல்பம் போட்டார். எந்த நடிகரின் உதட்டசைவுக்கும் அவர் குரல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டு அவருடையது, அட்டையில் இருந்த பெயரும் அவருடையது.

பேரன் என்னைவிடச் சின்னவன். ஒருநாள் கேசட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டான்: "இன்னா அண்ணா, உங்க ஊர்ல பாட்டுக்காரன் சினிமால பாடாம தனியா கேசட் போட முடியாதா?"

"சாமிப் பாட்டுன்னா போடலாம்டா" என்றேன். கானா கேசட்டுகளும் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அவன் கேட்டது அதையல்ல என்று இருவருக்கும் தெரியும். சோலார் மாதிரி ஒருவர், தன் தெருவை, தன் வயிற்றை, தன் கோபத்தைத் தமிழில் வேகமாகப் பேசி, அதைத் தன் பெயரில் முழு ஆல்பமாகக் கொடுக்க முடியுமா? அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. அந்தப் பதிலுக்காக நான் காத்திருந்தது எத்தனை நீளமான காத்திருப்பு என்பது பின்னால்தான் புரிந்தது.

1994 செப்டம்பரில் 'காதலன்' வந்தது. 'பேட்டை ராப்' ஊரைத் தூக்கிச் சாப்பிட்டது. டீக்கடை, கல்யாண வீடு, பஸ் ஸ்டாண்டு என்று எங்கே போனாலும் அதுதான். வடக்கே சென்னையில் பேசுகிற பேச்சும் புதுச்சேரிப் பேச்சும் பெரிய தூரத்தில் இல்லை என்பதால், அந்தப் பாட்டின் சொற்கள் எங்களுக்கு வெளியூர்ச் சரக்காகப் படவில்லை. சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீது, தேனி குஞ்சரம்மாள் என்று மூன்று பேர் பாடியிருந்தார்கள். இரண்டு இளைஞர்களின் குரல்களுக்கு நடுவே குஞ்சரம்மாளின் கரகரப்பு வந்து விழும்போது, பாட்டு திடீரென்று ஐம்பது வயது கூடி, அதே நேரத்தில் இன்னும் இளமையாகவும் ஆகிவிடும். அடுத்த விடுமுறைக்கு வந்த பேரன் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டான். "இந்த ஆயா யாரு அண்ணா?" என்றான். தமிழ் ராப்புக்கு வந்த முதல் பெரிய விருந்தாளி அந்த ஆயாதான் என்று இப்போது நினைக்கிறேன். அதை ஏ.ஆர். ரகுமான் அன்றைக்கே கண்டுபிடித்திருந்தார்.

ஆனால் வீடு சினிமாவினுடையது. அதற்குப் பிறகு பல வருடம் ராப் அந்த வீட்டுக்கு வந்துபோகிற ஆளாகவே இருந்தது. 1996-ல் 'லவ் பேர்ட்ஸ்' படத்துக்கு பர்மிங்காமிலிருந்து அப்பாச்சி இந்தியன் வந்தார். 2002-ல் 'பாபா'வில் பிளேஸ் ராப் பாடினார். 2007-ல் 'பொல்லாதவன்' படத்தின் ரீமிக்ஸில் யோகி பி வந்தார். இவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள். கொடுத்த இடத்தில் பற்றவைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் கொடுத்த இடம் பெரும்பாலும் இரண்டாவது இடையிசைதான். பாட்டு சூடேற வேண்டிய இடத்தில் உள்ளே வருவார்கள், சில வரிகள் அடுக்குவார்கள், பல்லவி திரும்பியதும் காணாமல் போவார்கள். அந்தச் சில வரிகளில் ஒரு மனிதன் தன் ஊரைச் சொல்ல முடியாது. கதாநாயகனின் வீரத்தைத்தான் சொல்ல முடியும்.

பிரான்சில் அதே வருடங்களில் வேறொன்று நடந்தது. வானொலியில் ஒலிக்கும் பாட்டுகளில் குறைந்தது 40 சதவீதம் பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும், அதில் பாதி புதிய திறமைகளுக்கோ புதிய வெளியீடுகளுக்கோ போக வேண்டும் என்று 1994-ல் சட்டம் செய்தார்கள். 1996 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலப் பாட்டைக் கட்டுப்படுத்தப் போட்ட சட்டம். அதனால் பெரிதும் பலனடைந்தது ராப். நிலையங்களுக்குப் பிரெஞ்சில் புதுப் பாட்டு வேண்டியிருந்தது, புறநகர்ப் பிள்ளைகளிடம் அது இருந்தது. மார்செய் நகரத்து ஐஏஎம் குழுவின் 1997 ஆல்பம் 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஒரு கலைக்குத் திறமை மட்டும் போதாது, அது தன் பெயரில் நிற்க ஓர் இடம் வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பேரன் கொண்டுவந்த கேசட்டுகள். நம் வானொலியில் தமிழ்ப் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. அந்தக் கதவைத் திறக்க இங்கே யாரும் சட்டம் போடவில்லை.

கல்லூரி நாட்களில் அவன் ஒரு சிடி கொண்டுவந்தான். நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பைச் சேர்ந்த நாஸ் என்ற இளைஞரின் முதல் ஆல்பம், 'இல்மாட்டிக்'. 1994 ஏப்ரலில் வந்தது. அப்போது அவருக்கு 20 வயது. அதற்கு மூன்று வருடம் முன்னால், 1991-ல், மெயின் சோர்ஸ் என்ற குழுவின் பாட்டில் அவர் ஒரு விருந்தாளியாக வந்து சில வரிகள் பாடியிருந்தார். அதைக் கேட்டவர்கள் இந்தப் பையனின் சொந்த ஆல்பம் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஊரே எதிர்பார்க்கும் அறிமுக ஆல்பம் என்றால் பெரிய பெயர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் சேர்ப்பதுதான் வழக்கம். நாஸ் கூப்பிட்ட ராப்பர் ஒருவர் மட்டுமே, ஏஇசட். அவர் வருகிற பாட்டின் முடிவில் ஒரு கொம்பிசை வருகிறது. அதை வாசித்தவர் நாஸின் அப்பா, ஜாஸ் கலைஞர் ஒலு டாரா.

வாழ்க்கையின் நிலையாமையைப் பற்றி இரண்டு இளைஞர்கள் மாறி மாறிப் பேசி முடிக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு தகப்பன் ஒரு சொல்லும் இல்லாமல் வாசிக்கிறார். அந்த இடத்தில் ஒரு ஆல்பத்தை எப்படி எடைபோடுவது என்பதற்கான அளவுகோல் எனக்குக் கிடைத்துவிட்டது. விருந்தாளி வந்து போன பிறகு வீட்டுக்காரரைப் பற்றி நமக்குப் புதிதாக ஒன்று தெரிய வேண்டும். அவர் தானே சொல்லிக்கொள்ள முடியாத ஒன்றை, வந்தவர் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நாஸ் தன் அப்பாவைப் பற்றி எவ்வளவு எழுதியிருந்தாலும் அந்தக் கொம்பிசை தந்ததைத் தந்திருக்க முடியாது.

இதற்கு நேர் எதிரான ஆல்பத்தையும் ரொம்பப் பின்னால் கேட்டேன். நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஜே எலெக்ட்ரானிகா 2009-ல் ஒரே பாட்டால் ராப் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர். 2010-ல் ராப்பர் ஜே-ஸியின் நிறுவனத்தில் சேர்ந்தார். முதல் ஆல்பம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஒரு பத்தாண்டு போயிற்று. கடைசியில் 2020 மார்ச் 13 அன்று, உலகம் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கிய அந்த வாரத்தில், 'எ ரிட்டன் டெஸ்டிமொனி' வெளியானது. பத்துப் பாட்டுகள். அவற்றில் எட்டில் ஜே-ஸியின் குரல் இருந்தது, ஆனால் பாட்டுப் பட்டியலில் விருந்தாளியாக அவர் பெயர் இல்லை. ஜே-ஸி மோசமாகப் பாடவில்லை. பல வருடங்களில் அவர் எழுதியவற்றில் கூர்மையான வரிகள் அதில் இருக்கின்றன. சிக்கலே அதுதான். இவ்வளவு நாள் யாருக்காகக் காத்திருந்தோமோ அவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க, வந்தவர் உள்ளே நடமாடிக்கொண்டிருந்தார்.

ஆனால் கடைசிப் பாட்டில் ஜே எலெக்ட்ரானிகா இறந்துபோன தன் அம்மாவைப் பற்றிப் பேசுகிறார். அங்கே ஜே-ஸி பல்லவியோடு நின்றுகொள்கிறார். ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. இடம் விட்டு நிற்கத் தெரிந்த விருந்தாளிதான் நல்ல விருந்தாளி என்பதை அதே மனிதர் அங்கே காட்டிவிட்டார். பத்து வருடக் காத்திருப்புக்கு அந்த ஒரு பாட்டு ஈடாகுமா என்று கேட்டால், ஆகும் என்றே சொல்வேன். முழு ஆல்பமும் அப்படி இருந்திருக்கலாம் என்ற ஏக்கத்தோடு சொல்வேன்.

அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டால் மாயாவை நினைக்காமல் இருக்க முடியாது. மாதங்கி அருள்பிரகாசம், உலகம் எம்.ஐ.ஏ. என்று கூப்பிடும் ஈழத்துப் பெண். 2005-ல் வந்த அவருடைய முதல் ஆல்பமும் தேதி தள்ளித் தள்ளித்தான் வந்தது. 2004 செப்டம்பரில் வர வேண்டியது; மற்றவர் பாட்டுகளிலிருந்து எடுத்த துண்டுகளுக்கு அனுமதி வாங்குவதில் தாமதம். ஆல்பத்துக்கு அவர் வைத்த பெயர் 'அருளர்'. அது அவருடைய அப்பாவின் இயக்கப் பெயர். வீட்டில் இல்லாத அப்பா, மகளின் முதல் ஆல்பத்தின் அட்டையில் பெயராக வந்து உட்கார்ந்தார். பாட்டுக்குள் பெரிய விருந்தாளிகள் யாரும் கிடையாது. இல்லாதவர் ஒருவரின் பெயரே ஆல்பம் முழுக்க நடமாடியது.

இரண்டு வருடம் கழித்து வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு அம்மாவின் பெயர், 'கலா'. அமெரிக்க விசா கிடைக்காமல் போனதால் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். சென்னைக்கு வந்து உறுமி அடிக்கிறவர்களைக் கூட்டி ஒலிப்பதிவு செய்தார். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது பம்பையும் மேளமும் மணலில் முட்டி மோதி எழுமே, அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த உறுமி எங்கிருந்து வருகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே ஆல்பத்தில் ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்கள் வருகிறார்கள், லண்டனில் வாழும் நைஜீரிய வம்சத்து ராப்பர் ஒருவர் வருகிறார். கடைசியில் அமெரிக்காவின் மிகப் பெரிய தயாரிப்பாளர்களில் ஒருவரான டிம்பலாண்டும் வருகிறார். எல்லாரையும்விடப் பெரிய பெயர் அவருடையது, எல்லாவற்றையும்விட மெலிந்த பாட்டு அவர் வருகிற பாட்டு. சிறுவர்களும் உறுமிக்காரர்களும் ஆல்பத்தின் எலும்பாகவே ஆகிவிட்டார்கள். பெயரின் எடை வேறு, குரலின் எடை வேறு.

2006-ல் மலேசியாவிலிருந்து 'வல்லவன்' வந்தபோது, எதிர்வீட்டு மாடியில் கேட்ட கேள்விக்கு ஒருவாறு பதில் வந்துவிட்டது. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் நட்சத்ரா என்ற பெயரில் சேர்ந்து கொடுத்த ஆல்பம். முழு நீளத் தமிழ் ஹிப் ஹாப் ஆல்பங்களில் முதலாவது என்று அதைத்தான் சொல்கிறார்கள். யோகி பி அதற்கு முன்பு பொயட்டிக் அம்மோ என்ற மலேசியக் குழுவில் இருந்தவர்; 1998-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் என்று நான்கு மொழிகளில் பேசியது. அந்தக் குழுவில் தமிழ் நான்கில் ஒன்று. எட்டு வருடம் கழித்து 'வல்லவன்' வந்தபோதுதான் தமிழுக்குத் தனி வீடு.

'மடை திறந்து' தெரியாத இளைஞன் அப்போது எங்கள் ஊரில் இல்லை. நேரு வீதி செல்போன் கடைகளில் அதை ரிங்டோனாக ஏற்றிக் கொடுத்தார்கள். 1980-ல் வந்த 'நிழல்கள்' படத்தின் இளையராஜா மெட்டை எடுத்து, அதன்மேல் தங்கள் வாழ்க்கையை ஏற்றியிருந்தார்கள். அந்தப் பாட்டின் விருந்தாளி இளையராஜாவின் மெட்டு. எனக்கு அது முக்கியமாகப் பட்டது. அதுவரை சினிமாப் பாட்டு ராப்பைக் கூப்பிட்டுச் சில வரி கொடுத்தது. இங்கே ராப் சினிமாப் பாட்டைக் கூப்பிட்டுப் பல்லவியில் உட்காரவைத்தது. யோகி பியின் கனத்த அடிக்குரலும் டாக்டர் பர்னின் தமிழ் வேகமும் அந்த மெட்டுக்குக் கீழே அமுங்கிப் போகவில்லை. ராஜாவின் மெட்டோடு போட்டி போட்டுத் தன் குரலைக் காப்பாற்றிக்கொள்வது சாதாரணமில்லை.

பாரதி பூங்காவைச் சுற்றி நடக்கும்போது சில சமயம் எனக்குத் தோன்றும்: தெருவின் மெட்டை உள்ளே கூப்பிடுவது இந்த ஊரில் புதிதும் இல்லை. 1908-ல் இங்கே வந்த பாரதி பத்து வருடம் இருந்தார். 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912-ல் வந்தது. மகாபாரதக் கதை, பெரிய காவியம்; அதற்கு அவர் கூட்டிவந்தது நொண்டிச் சிந்து. தெருவில் பாடித் திரிந்தவர்களின் மெட்டு அது. எளிய சொல், எளிய நடை, பொதுமக்கள் விரும்பும் மெட்டு, இவற்றில் காவியம் செய்கிறவன் மொழிக்குப் புது உயிர் தருகிறான் என்ற கருத்தை முன்னுரையில் எழுதிவைத்தார். தெருவின் மெட்டைத் தன் காவியத்துக்குள் நடுக்கூடத்தில் உட்காரவைத்த கவி வாழ்ந்த ஊரில் இருந்துகொண்டு, ராப் நம் மண்ணுக்கு ஒட்டாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2012-ல் ஹிப்ஹாப் தமிழாவின் முதல் ஆல்பம் 'ஹிப் ஹாப் தமிழன்' வந்தது. தமிழ்நாட்டிலேயே சினிமாவுக்கு வெளியே ஒரு ராப் ஆல்பம் ஓடும் என்று அது காட்டியது. ஆனால் அடுத்த சில வருடங்களில் அவர்களையும் சினிமா அழைத்துக்கொண்டது. பிறகு 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து அதன் பெயர். கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் நின்றன. அந்த மேடையிலிருந்து வந்தவர் அரக்கோணத்துக்காரர் அறிவு.

அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019-ல் கொடுத்த 'தெருக்குறள்' ஆல்பத்தை நான் இரவில் கடற்கரைச் சாலையில் நடந்தபடி ஹெட்போனில் கேட்டேன். அதில் 'ஸ்நோலின்' என்று ஒரு பாட்டு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் போலீஸ் சுட்டதில் இறந்த 17 வயதுப் பெண்ணின் பெயர் அது. அந்த ஆல்பத்துக்குப் பெரிய விருந்தாளி தேவைப்படவில்லை. இறந்துபோன ஒரு பெண் பாட்டுக்குள் வந்துவிட்ட பிறகு வேறு யாரைக் கூப்பிடுவது? நடந்துகொண்டிருந்தவன் காந்தி சிலைக்கு எதிரே நின்றுவிட்டேன். என்னைச் சுற்றி ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவர்கள், படம் எடுத்துக்கொள்கிறவர்கள். தமிழில் ராப் வந்துசேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது என்று அன்றைக்கு உறுதியாக நம்பினேன்.

அடுத்து 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. உலகமே பாடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவிட்டு, 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பல லட்சம் பேர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்களே, அந்த வரலாற்றிலிருந்து வந்தது அறிவின் குடும்பம். பாட்டுக்குள் இருப்பது அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. ஒப்பாரியின் விம்மலும் வயல்காட்டு அழைப்பும் அதில் இருக்கின்றன. ஆனால் வெளியீட்டில் பெயர்கள் வந்த வரிசையைப் பாருங்கள்: தீ, ஃபீச்சரிங் அறிவு. பாடகி தீயின் குரல் அந்தப் பாட்டுக்கு இறக்கை, சந்தோஷ் நாராயணனின் தயாரிப்பு அதற்கு உடல். இரண்டிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யாருடைய பாட்டியின் கதையோ, யார் எழுதியதோ, அவர் அதில் விருந்தாளி.

அந்த ஒரு சொல்லின் விளைவு பின்னால் வந்துகொண்டே இருந்தது. அதே 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு மேடையேறியபோதும் அறிவு மேடையில் இல்லை. அந்தப் பாட்டில் தன் உழைப்பு எவ்வளவு என்று அவர் எழுத வேண்டியதாயிற்று. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளியில் பேசினார். அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றார். வீட்டுக்காரர், விருந்தாளி என்ற வித்தியாசம் அந்த ஒரு இடத்தில் மறைந்துபோனது. மூன்று பேருமே வெளியே நின்றார்கள்.

அதே 2024-ல் அறிவின் ஆல்பம் 'வள்ளியம்மா பேராண்டி' முதல் தொகுதி வந்தது. இதற்குத்தான் நான் காத்திருந்தேன். ஆல்பம் முழுக்கத் தன் பெயரில் வருகிறது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்த ஒருவர், பெயர் வைக்கும் உரிமை முதல்முறையாக முழுதாகத் தன் கைக்கு வந்தபோது, பாட்டியின் பெயரை முன்னே வைத்துத் தன்னை அவளுடைய பேரனாக நிறுத்திக்கொண்டார். நாஸ் அப்பாவைக் கொம்பிசையாகக் கொண்டுவந்தார், மாயா அப்பாவின் பெயரை அட்டையில் எழுதினார், அறிவு பாட்டியை வீட்டுக்கே சொந்தக்காரியாக ஆக்கினார். குஞ்சரம்மாளின் குரல் சினிமா வீட்டுக்குள் சில நிமிடம் வந்துபோனதிலிருந்து இது 30 வருடத் தூரம். அந்தத் தூரத்தைத் தெரிந்துகொண்டு கேட்டால்தான் அந்த ஆல்பத்தின் எடை தெரியும். ஒவ்வொரு பாட்டும் 'எஞ்சாய் எஞ்சாமி' மாதிரி ஊரைக் கலக்கியதா என்று கேட்கிறவர்கள் தராசை மாற்றிப் பிடித்திருக்கிறார்கள்.

இங்கே ஜூன் 21 வந்தால் இசைத் திருவிழா. 1982-ல் பிரான்சில் தொடங்கிய பழக்கம், புதுச்சேரியும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சில வருடங்களாக அந்த மேடைகளில் எங்கள் பிள்ளைகள் புதுச்சேரித் தமிழில் ராப் பாடுகிறார்கள். அவர்களில் ஒருவன் எனக்கு உறவு முறை. முதல் ஆல்பத்துக்குப் பாட்டுகள் எழுதி வைத்திருக்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, ஃபீச்சரிங்குக்கு ஒரு சினிமா சிங்கர் கெடைச்சா போதும், ரீல்ஸ்ல பிச்சிக்கும்."

"அவரு வந்து உன்னப் பத்தி இன்னாடா சொல்லப் போறாரு?"

அவன் யோசித்தான். நான் அவனுடைய தெருவில் ஒப்பாரி பாடுகிற அம்மாவைப் பற்றிக் கேட்டேன். எழவு வீடு என்றால் அந்தப் பக்கத்தில் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். செத்தவரின் குணத்தை, கடனை, கோபத்தை எல்லாம் அந்த இடத்திலேயே எதுகை பிசகாமல் கட்டுகிறவர். அதைவிட நல்ல ராப்பரை அவன் எங்கே போய்த் தேடுவான்?

"அவங்க வருவாங்களா மாமா?"

"நீ கூப்பிடற விதத்துல இருக்கு."

விதம் என்று நான் சொன்னதை அவனுக்கு விளக்கிச் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். ஒலிப்பதிவுக்கு முன்னாலேயே ஒரு தாளில் எழுதிவிட வேண்டும்: அவர் பாடுகிற வரிகள் அவருடையவை, வரும்படியில் அவருக்கு இவ்வளவு பங்கு, அவர் பெயர் இன்ன இடத்தில் வரும். அன்றைக்குக் கூலியும் கையோடு கொடுக்க வேண்டும். மேடையில் பாடும் நாளில் வண்டி அனுப்பி அழைத்துவர வேண்டும். இதெல்லாம் இசைக்குச் சம்பந்தமில்லாத கணக்கு என்று அவன் நினைக்கக் கூடாது. ஒரு ஆல்பத்தைக் கேட்கும்போது தாளமும் எதுகையும் வேகமும் எப்படி என்று பார்க்கிறோம். அதோடு, உள்ளே வந்த ஒவ்வொரு குரலும் என்ன மரியாதையோடு உட்காரவைக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும் என்று இத்தனை வருடம் கேட்டதில் எனக்கு உறுதியாகிவிட்டது. அந்த அம்மா சம்மதித்துவிட்டார். தாளை இந்த வாரம் எழுதுகிறோம். அவர் பங்கு பாதி.